பதினொரு செத்த பல்புகள்

இந்தப் பெட்டியில் காசு கொடுத்து வாங்கியது
ஈயக்கம்பி மட்டும்தான்.
அதுவும் காசில்லை, கூலி:
இடால்பெர்த்தோவின் மச்சான் பனாமாவிலிருந்து
காலுறைக்குள் சுருட்டிக் கொண்டுவந்தான்,
அவன் மாமியாருக்கு மேல்வரிசைப் பல் கட்டிக் கொடுத்தேன்.

பல் கட்டுவது என் தொழில்.
கிபாராவில் பாதிப் பேர் சிரிப்பது என் அச்சில்.
பகலில் பிளாஸ்டிக் ஈறு, இரவில் செம்புத் தகடு.
தேய்ந்ததென்று மருத்துவமனை கழித்த துரப்பண முனையால்
தகட்டைத் தீவு தீவாகச் சுரண்டினேன்.
கியூபாக்காரிக்கு அதையுமா சொல்லித் தரவேண்டும்.

தெருவில் பல்பு செத்தால் என் கதவைத் தட்டுவார்கள்.
சுருள் பல்பு, மலிவுச் சரக்கு.
கழுத்தைத் திருகினால் உள்ளே
இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு குட்டி வளையம்,
கருகிய வாடை.
பதினொன்றை உடைத்ததில் பிழைத்தவை நாலு.
மூன்றை நானே கொன்றேன்:
ஒன்று அவசரத்தில், ஒன்று தலைகீழாக,
ஒன்று ஏனென்று இன்றுவரை தெரியாது.
நாலாவது நிற்கிறது. இரண்டு வாட்.
தொட்டால் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி.

சுருள் சுற்ற மாத்திரைக் குழாய்;
சுற்று நழுவாமலிருக்கப் பல்மெழுகு, ரோஜா நிறம்.
ஆனாலும் அலைவரிசை நகர்ந்தது.
மத்தியானம் விட்ட இடத்தில் சாயங்காலம் இல்லை,
கயிறறுத்த ஆடு.
ருஷ்யத் தொலைக்காட்சி ஒன்றின் வயிற்றிலிருந்து
சூட்டில் குறையும் மின்தேக்கியைப் பிடுங்கி
சூட்டில் விரியும் சுருளோடு குடிவைத்தேன்.
ஆளுக்கொரு பக்கம் இழுத்து
ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றன.
ஏறக்குறைய.
என் கல்யாணத்துக்கு அது எவ்வளவோ மேல்.

தீராதது அந்த முனகல்.
காதுபேசிக்குள் ராப்பகலாய் ஒரு ம்ம்ம்,
அதன்மேல் மணலை வறுக்கிற சத்தம்.
மூன்று முறை பிரித்தேன், மூன்று முறை கோத்தேன்.
தரைக்கம்பியை மாற்றினேன்.
பிஸ்கட் டப்பாவால் மூடினேன்.
பல்பிலிருந்து வந்ததை நம்பக்கூடாதென்று
நாலாவதையும் திட்டினேன்.

பிப்ரவரி, செவ்வாய், ஒன்பதேகால்.
மின்சாரம் போயிற்று.
பக்கத்து வீட்டில் அதே கெட்ட வார்த்தை, அதே குரல்.
மோட்டார்சைக்கிள் பேட்டரியில் கொக்கியை மாட்டிக்
காதுபேசியை வைத்தால்
ஒன்றுமில்லை.
செத்தது என்றே நினைத்தேன்.
குமிழை ஒரு மயிரிழை திருப்பினேன்:
மெக்ஸிகோ. இன்னும் ஒரு மயிரிழை: யாரோ இருவர்
மாட்டுத் தீவனம் பற்றி, வெனிசுவேலா.

செத்த பல்புகளைச் சந்தேகித்தேனே,
கத்தியது உயிரோடிருந்தவை அல்லவா!
ஊர் முழுக்க, சுவர் முழுக்க,
என் சமையலறை உட்பட.

ரம்பத் துண்டில் செய்த மோர்ஸ் சாவி. அழைத்தேன்.
மூன்றாம் அழைப்புக்குப் பதில்,
கொசு கம்பியில் நடப்பதுபோல.
பாரஓனா, கடலுக்கு அந்தப்பக்கம்.
"நகர்கிறீர்கள். பரவாயில்லை, கூடவே வருகிறேன்."
பிறகு: "என்ன செட்?"
பல்பு, என்றேன்.
இடைவெளி.
"திரும்பச் சொல்லுங்கள்."
ப, ல், பு. எழுத்தெழுத்தாய்.
அந்தப்பக்கம் சிரிப்பது
இரண்டு புள்ளி இரண்டு புள்ளியாகக் கேட்டது.
"பெயர்," என்று தொடங்கி
எச், இ, ஆர், எம், இ

தெரு கத்தியது: வந்திடுச்சு!
யாரோ தட்டைத் தட்டினார்கள்.
குளிர்பெட்டி உதறி எழுந்தது.
காதில் மறுபடியும் வறுத்த மணல்.
எழுந்து ஓடி என் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கினேன்,
என் வீடு மட்டும் இருண்டு என்ன பயன்.

நோட்டில் எழுதியிருக்கிறேன்: 21.52, எர்மெ
எர்மெஸா, எர்மெலிந்தாவா, எர்மெனெஹில்தோவா,
நாலு விரல் இடம் விட்டிருக்கிறேன்.

நாளை எட்டு முதல் பன்னிரண்டு வரை
எங்கள் பகுதிக்கு மின்வெட்டு.
பேட்டரி சார்ஜில் இருக்கிறது.