நான்காம் ஜன்னலுக்கு மேலே

ஏழு பூச்சு.
கத்தி வைத்தால் ஒவ்வொரு நிறமாக உரிகிறது
முஹர்ரக்கின் பழைய பலதியா.
மேலே ஆஸ்பத்திரி வெள்ளை,
அடியில் பிஸ்தாப் பச்சை,
அதற்கும் அடியில், யாரோ பெரிய மனிதர் வருகிறாரென்று
ஒரே ராத்திரியில் அடித்த மஞ்சள்,
இன்னும் மூன்று நாலு,
கடைசியில் ஜிப்சம், அப்புறம் பவளக்கல்.

அலுவலகம் புதுக் கட்டடத்துக்குப் போய்
பதினொரு வருடம் ஆயிற்று.
இதை அருங்காட்சியகம் ஆக்குகிறார்கள்.
மாடியில் பன்னிரண்டு நாற்காலி, ஒரு நீள மேசை.
சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும்
அங்கேதான் கை உயர்த்தினார்களாம்.
மீன்சந்தையை இடம் மாற்றாதே என்று
ஒருவர் ஹமூர் மீன் ஒன்றையே
மேசைமேல் கிடத்தினாராம், மத்தியானம்வரை.
மாடிக்கு நான் இந்த வேலையில்தான் ஏறினேன்.
எனக்குத் தெரிந்த பலதியா
கீழே, நான்காம் ஜன்னல்.

தொண்ணூற்றெட்டு.
கேன்டீனில் பரோட்டா வீச ஹெல்த் கார்டு வேண்டும்.
எனக்கு முன்னால் நின்றவன்
பிள்ளைக்குப் பேர் பதிய வந்தவன்.
எனக்குப் பின்னால் நின்றவன்
அறையில் கூடப் படுத்தவனின் சாவைப் பதிய.
மூன்று பேருக்கும் ஒரே பேனா,
நூலில் கட்டியது.
நூல் குட்டை.
எல்லோரும் ஜன்னலுக்குள் தலையை நீட்டித்தான்
எழுத வேண்டியிருந்தது.

அந்த ஜன்னலுக்கு மேலே சுரண்டும்போது
நீலத்தில் ஒரு கால் தெரிந்தது.
படம் ஏதோ என்று நினைத்தேன்.
இன்னும் கொஞ்சம் உரித்தேன்.
கால்தான். துணைக்கால்.

மேல்வரியில் அரபி இருந்திருக்க வேண்டும்;
ஏசிக்குப் போட்ட ஓட்டை அதைத் தின்றுவிட்டது.
மிச்சம் தமிழ் மட்டும்.

ஏணியடியில் ஷரீஃபா வந்து நின்றார்,
கழுத்தில் கேமரா.
"யா சதக், இது என்ன மொழி?"
என்னுடையது என்றேன்.
"கவிதையா? வரவேற்பா?"
கேட்ட முகத்தில் அப்படியொரு ஆசை.
வந்தாரை வாழவைப்போம் என்று சொல்லியிருக்கலாம்.
யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்?
நாக்கு நுனிவரை வந்தது.

இங்கே எச்சில் துப்பாதே.
அவ்வளவுதான் அம்மா, என்றேன்.

சிரித்தார். நானும்.
பிறகு அவர் படமெடுக்க, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்,
பார்க்கப் பார்க்க வேறொன்று.
பெயிண்ட் வலப்பக்கம் கொழுத்திருந்தது,
இடப்பக்கம் வரவர வற்றியிருந்தது.
'தே'யில் த முதலில், கொம்பு அப்புறம்.
புள்ளியெல்லாம் எழுத்தின் தலையில் இல்லை,
அடியில்.
ஒரு தொட்டில், அதன்கீழ் ஒரு பொட்டு:
ஓதப்பள்ளியில் அடிவாங்கிப் படித்த 'பே'
நம்முடைய 'ப்'பாக
நின்றுகொண்டிருந்தது.

தமிழ் தெரியாத ஒருவன்,
பலதியாவின் சம்பளக்காரன்,
ஒவ்வொரு எழுத்தையும் மீன்முள் எடுப்பதுபோல
நிதானமாக வரைந்திருக்கிறான்,
கடைசியிலிருந்து முதலுக்கு.
எங்களைத் துப்பாதே என்று சொல்வதற்கு.

துப்பாதீர் என்று கொஞ்சம் மரியாதை வைத்திருக்கலாமே
என்று முதலில் சுருக்கென்றது.
அவனுக்கென்ன தெரியும்?
வரிசையில் நின்ற யாரோ
படிவத்தின் முதுகில் எழுதிக் கொடுத்திருப்பான்.
மரியாதையை விட்டவன்
நம்மாள்தான்.

ஷரீஃபா கேட்டார்,
பிழை இருந்தால் திருத்திவிடுவாயா என்று.
தூரிகை என் கையிலேயே இருந்தது, நீலமும் இருந்தது.
வேண்டாம், என்றேன்.
ஏன் என்று கேட்கவில்லை.
அட்டையில் போட மூன்று மொழியில் பொருள் எழுதிக்கொண்டார்.
கீழே, 'எழுதியவர் தெரியவில்லை.'
எழுதிக் கொடுத்தவனுக்கு
அட்டையில் இடமில்லை.

நான்கு மணிக்கு ஏணியைச் சாய்த்தேன்.
ஏழு பூச்சின் தூசியும் வாய்க்குள்.
காறல் தொண்டைவரை வந்து நின்றது.
ஆள் யாரும் இல்லை.
அண்ணாந்து ஒருமுறை பார்த்தேன்.

விழுங்கினேன்.
சுண்ணாம்பு,
கொஞ்சம் உப்பு.