ஆறு மணிக்குள்

பாபநாசம் சோதனைச் சாவடியில்
என் பையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்
இரண்டு தண்ணீர் பாட்டில், ஒரு பிஸ்கட் பொட்டலம்,
ஷாம்பு பாக்கெட் மூன்று.
நோட்டில் எண் போட்டு நான் எழுதிவந்த
பதினேழு கேள்விகளை
எடுக்காமல் விட்டுவிட்டார்கள்.

ஆறு மணிக்குள் இறங்கிவிட வேண்டும்
என்றார் காக்கிச் சட்டைக்காரர்.
ஊர் என்ற கட்டத்தில் சென்னை என்றேன்.
சென்னையில் எங்கே என்று அவர் கேட்கவில்லை.

காரையாற்றில் காத்திருந்தார் ஈச்சன் காணி.
நான் மனதில் வரைந்துவைத்த ஆள் இல்லை.
வேட்டைத் தடுப்புக் காவலர் சட்டை, கையில் வயர்லெஸ்,
ஏறக்குறைய என் வயது.
பி.காம். முடிக்கவில்லையாம்.
அம்பாசமுத்திரத்துக்கு பஸ் தவறிய நாளையெல்லாம் கூட்டினால்
ரெண்டு செமஸ்டர் வரும் என்றார்.

நடந்தோம்.
மிளாவின் குளம்படியைக் குனிந்து படம் எடுத்தேன்.
அவர் அதைத் தாண்டிப் போனார்,
எங்கள் தெருவில் நிற்கும் ஆட்டோவை
நான் தாண்டிப் போவதுபோல.
இது என்ன மரம்?
இது?
அந்தா அது?
நான்காவதில் திரும்பி நின்றார்.
"ஒங்க தெருவுல எத்தன மரம்?"

ஒரு வாதாம் மரம் இருந்தது.
இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

மல்லம்மை அவித்த மரச்சீனிக் கிழங்கு வைத்தார்,
கல்லுப்போடு சதைத்த காந்தாரி மிளகாய் தொட்டுக்கொள்ள.
அழுதேன். மூக்கு ஒழுகியது.
அவர்கள் மகள் விழுந்து விழுந்து சிரித்ததுதான்
அன்றைக்கு எனக்குக் கிடைத்த முதல் வரவேற்பு.
டி.வி.யில் சமையல் போட்டி.
அகலத் தட்டின் நடுவில் ஒரே ஒரு கிழங்குத் துண்டு,
அதற்கு யாரோ மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கொக்கரை கேட்க வேண்டும் என்றேன்.
பரணிலிருந்து துணி சுற்றிய இரும்பை இறக்கினார்.
பல் வெட்டிய குழல், ஒரு சின்னக் கம்பி.
ஒரே ஒரு இழுப்பு.
ஓடு ஏறும் மழைபோல என்று எழுதினேன், அடித்தேன்.
இரும்பின் மேல் இரும்பு.
என் பின்பற்கள் வரை வந்து நின்றது.
மறுபடி துணியைச் சுற்ற ஆரம்பித்தார்.

"மீதி?"

"சாதிச் சான்று கேட்டுப் போனப்ப
ஒரு சாரும் இதத்தான் கேட்டாரு.
நெசமா காணிதானா, வாசி பாப்பம்னு.
அவருக்கும் ஒரு இழுப்புதான்."
மகளைப் பார்த்தார்.
"சான்று இன்னும் வரல."

என் நோட்டை மூடினேன்.
பதினொன்றாம் கேள்வியில் ஏறக்குறைய அதே வாக்கியம் இருந்தது,
கொஞ்சம் மரியாதையாக.

பிறகு அவரே கேட்டார்:
"ஒங்க வீட்ல யாருக்கு நோவு?"
"யாருக்கும் இல்லையே."
"அப்பறம் எதுக்குச் சாத்துப் பாட்டு?"
பிலாத்தி வந்து உட்காரணும்,
நோவுக்காரர் முன்னால் இருக்கணும்,
இருட்டினதும் தொடங்கினால் விடியும்வரை.
"நீங்கதான் ஆறு மணிக்குள்ள எறங்கணுமே."
கிண்டல் இல்லை அதில்.
பஸ் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

யாருக்கும் இல்லை என்று சொல்லி
பாதிக் கிளாஸ் தேயிலைத் தண்ணி குடித்த பிறகுதான்
அண்ணன் ஞாபகம் வந்தான்.
மூன்று மாதமாக அறைக்கதவு சாத்தியிருக்கிறது.
சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு
அவரவர் வேலைக்குப் போகிறோம்.
அவனுக்காக ராத்திரி முழுக்க
யாரும் உட்கார்ந்ததில்லை, நான் உட்பட.
சொல்ல வாயெடுத்தேன்.
ஈச்சன் வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தார்,
கீழணைப் பக்கம் ஒற்றை யானை.

இறங்கும்போது அணைத்தண்ணீர் கறுத்திருந்தது.
இரண்டு நாளில் அது கொக்கிரகுளம் போய்ச் சேரும் என்றார்.
நான் போவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது.

சாவடியில் பிஸ்கட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள்.
வெளியேறிய நேரம்: 5.52.
கையெழுத்துப் போட்டேன்.

விக்கிரமசிங்கபுரத்து லாட்ஜில்
ஜன்னலைத் திறந்துவைத்து அவன் எண்ணை அழுத்தினேன்.
எடுக்கவில்லை.
தானாக அறுந்துபோகும்வரை அடிக்கவிட்டேன்,
திரும்ப அழுத்தினேன்.
மலைப்பக்கம் முழு இருட்டு.
அங்கே இந்நேரம் தொடங்கியிருக்கலாம்,
வேறு யாருக்காவது.