ஐம்பத்தேழரை

காற்றைப்போல் ஐந்து மடங்கு கனமான வாயு.
நிறமில்லை, மணமில்லை.
நியூ மெக்சிகோவில், சொகோரோவில், ஓர் அடித்தளத்தில்
பென்சில் தடிமனுள்ள குழாய்வழி
தலைகீழாக இறங்குகிறது
மெல்ல நகரும் காற்றுக்குள்.

கொஞ்சம் அசிட்டோன் கலந்திருக்கிறோம்.
லேசர் தாளாக விரிந்து குறுக்கே அறுக்கையில்
நகப்பூச்சு அழிக்கும் அதே ஆவி
நீலமாய் எரியும், தீயில்லாமல்.
சுருள். சுருளின் விளிம்பில் சுருள்.
அதைப் பார்த்து முடிக்கும் முன்பே
அது இல்லை.
ஓர் இரவுக்குப் பத்தாயிரம் படங்கள்.
ஒன்றைப்போல் ஒன்று இல்லை,
அதனால்தான் பத்தாயிரம்.

மூன்று வாரமாக ஒரு முள்.
மலைச்சரிவுபோல் இறங்கவேண்டிய வரைகோட்டில்
ஐம்பத்தேழரை ஹெர்ட்ஸில் துருத்திக்கொண்டு.
அறுபது என்றால் மின்கம்பிமேல் பழி போடலாம்.
ஐம்பத்தேழரை யார் வீட்டு எண்?

டெல்ஃபினா ஆர்ச்சுலெட்டா விசிறியைக் கழற்றினாள், மாட்டினாள்.
தேன்கூட்டுச் சல்லடையைக் கழுவினாள்.
கம்பளித் தொப்பியோடே லேசரை நேராக்கினாள்.
முள் அசையவில்லை.
"சமன்பாடு பொய் சொல்லுது" என்றேன்.
"அதுக்கு வாயே கிடையாது" என்றாள்.

வியாழன் இரவு பனிப்புயல்.
ஊர் முழுக்க இருட்டு,
ஆய்வகத்துக்கு மட்டும் மாற்று மின்சாரம்.
திரையில்
முள் இல்லை.

நெடுநேரம் பேசாமல் நின்றோம்.
பிறகு மின்சாரம் வந்தது; சுவருக்கு அப்பால்
ஏதோ ஒன்று செருமிவிட்டு முனகத் தொடங்கியது.
ஆர்லன் சோசியின் உறைபெட்டி.
உள்ளே அக்டோபரில் அவன் சுட்ட எல்க் மான்,
காகிதத்தில் சுற்றி, தேதி எழுதி,
ஒரு குடும்பத்தின் குளிர்காலம்.
அதன் மோட்டார் தரை வழியே, இரும்புக்கால் வழியே
குழாயின் உதடுவரை வந்து
எங்கள் வாயுவுக்குத் தாளம் போட்டிருக்கிறது.

மூவருமாகத் தூக்கிச் சரக்குவாசலில் வைத்தோம்.
மூன்று வாரக் கணக்கும் குப்பைக்கு.
இடம் மாறிய வாடகை என்று
இரண்டு பொட்டலம் தந்தான் சோசி.

அதன்பின் வந்த படங்களில்
லேசானது சீக்கிரம் தன்னை விட்டுக்கொடுத்தது.
கனமானது அப்படியில்லை:
கிழிந்து, நூலாகி, நூலும் நைந்து,
இன்னும் நடுவில் எங்கோ
ஒரு துண்டு, கலக்காமல்.

"எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று
கதவில் சாய்ந்தபடி சோசி கேட்டான்.

"பதினொரு மில்லிவிநாடி."

கொஞ்சம் யோசித்தான்.
"என் கறி உருகாது" என்றான்.