தொள்ளாயிரம் அடி

தொள்ளாயிரம் அடி கீழே இறங்கியும்
தண்ணீர் முகம் பார்க்காத மோட்டார் இது.
செம்பை உருவி விற்றது போக
மிச்சம் இரும்பு.
ஏரியூர் பட்டறையில்
நாலு கம்பியை வளைத்துப் பற்றவைத்தார்கள்.
பரிசலுக்கு நங்கூரம்.

நாகமரையில்
கரை ஓர் இடத்தில் நிற்பதில்லை.
போன மாதம் கம்பு அறுத்த நிலத்தில்
இப்போது கெண்டை மேய்கிறது.

இருபதடி ஆழத்துக்கு
எண்பதடி கயிறு விட்டேன்.
"பரிசல் கட்டுறியா, பட்டம் விடுறியா
கெம்பக்கா?" என்றான் சென்றாயன்.
அவன் கயிறு
கரையோர வேலிக்காத்தான் தூரில்,
இரண்டே முழம்,
விறைப்பாக.

குட்டைக் கயிறு நங்கூரத்தை நிமிர்த்தும்.
நீளக் கயிறு படுக்கவைக்கும்.
படுத்தால்தான் கொக்கி
சேற்றைக் கடிக்கும்.
சொன்னால் கேட்கிற ஆளா.

கரையில் ஒற்றைப் பனை,
அதன் பின்னால் மலை முகடு.
இரண்டையும் ஒரே கோட்டில் வைத்து
ஒரு வெற்றிலை மென்று தீரும்வரை பார்த்தேன்.
பனை முகட்டைவிட்டு நகரவில்லை.
அப்படியானால் நானும் நகரவில்லை.
வலைக்குக் காவலாகப்
பரிசலிலேயே முடங்கினேன்.

பதினொரு மணிக்குத் தலையாரி போன்:
பிலிகுண்டுலுவில் லட்சம் தாண்டிடுச்சாம்.
சென்றாயனுக்கு நாலு தடவை அடித்தேன்.
தூங்கினால் அவன் கல்.

இரவெல்லாம் என் கயிறு
கொஞ்சம் கொஞ்சமாகத்
தன் தொய்வைச் செலவழித்தது.

விடியும்போது
கரையோரத் தூரைக் காணோம்.
சென்றாயன் பரிசல்
ஒரு விளிம்பு உள்ளே இழுபட்டு,
வயிறு முட்டக் குடித்து,
கழுவப்போட்ட தோசைக்கல்போலச்
சாய்ந்து கிடந்தது.
மேட்டில் அவன், லுங்கியோடு.
சிரிக்கவில்லை.

போகலாமென்று நங்கூரத்தை இழுத்தால்
வரவில்லை.
சுற்றிவந்து இழுத்தேன். எதிர்ப்பக்கம் போய் இழுத்தேன்.
எந்தக் காலத்தில் மூழ்கிய புளியமரமோ,
நாலு கொக்கியையும்
வேரில் கோத்துக்கொண்டது.

அன்றைக்கு ஒரே அரிவாளில்
இரண்டு கயிறு அறுத்தேன்.
முதலில் என்னுடையது.

கரையில் நீர் இறைத்துக்கொண்டே கேட்டான்:
"கயிறு எவ்வளவு தேறும், அக்கா?"
ஐம்பதடி.
பாதி கொடுத்தேன்.
பாதி போதாது,
அவனுக்கும் எனக்கும்.

போர் போட்ட கடனில்
இன்னும் ஏழு தவணை.
மோட்டார்
தண்ணீரில்தான் இருக்கிறது.

அடுத்த இரும்புக்குப்
பின்பக்கமாக ஒரு மெல்லிய கயிறு வேண்டும்,
நுனியில் மிதக்க
ஒரு காலி எண்ணெய் கேனும்.
மாட்டிக்கொண்டால்
போன வழியே உருவ.