அடிப்படை சிறியது

கெரிஞ்சியில், பதினான்காவது மாடியில்,
துணி மென்மையாக்கி பற்றி முப்பத்திரண்டு கேள்விகள்.
மலாய், சீனம், ஆங்கிலம் எல்லாம் முடிந்து
மிஞ்சிய ஒரு மதியத்தில் தமிழ்.
நான்தான் பெயர்த்தேன்.

"முற்றிலும் உடன்படுகிறேன்" தொடங்கி
"சற்றும் உடன்படவில்லை" வரை
ஐந்து வட்டங்கள்.
எங்கள் வீட்டில் ஒரே ஒரு "ம்"தான்.
இழுக்கிற நீளத்தில் இருக்கிறது ஐந்தும்.
நீளத்தை வட்டத்தில் போட
மென்பொருளில் வழியில்லை.

வெள்ளிக்கிழமை சுட்டி போனது.
அதற்கு முன்பே அஞ்சலில்
ஆளுக்கொரு சிறு பொட்டலம், நீல நிறத்தில்.
முடித்தால் இ-வாலட்டில் மூன்று ரிங்கிட்.
ஞாயிறு இரவுக்குள் ஆயிரத்து இருநூறு பேர்.
தமிழை அழுத்தியவர்கள் பதினொரு பேர்.

திங்கட்கிழமை துப்புரவு.
விளக்குமாறு இல்லை, மவுஸ்தான்.
இரண்டு நிமிடத்தில் முடித்தவரை எறி.
மேலிருந்து கீழே மூன்று மூன்று மூன்று
என்று போட்டவரை எறி.
ஒருவருக்கு வயது நூற்று முப்பது,
மாத வருமானம் ஐம்பதாயிரம்,
பொய்யர்களைப் பிடிக்க நாங்களே இட்டுக்கட்டிய
"பூஞ்சாரல்" பாட்டிலை
வாரம் தவறாமல் வாங்குகிறார்.
அவரை எறியச் சற்று மனம் வரவில்லை.
எறிந்தேன்.

பிறகு எண்ணூற்று நாற்பத்தேழாவது வரி.

எல்லோருக்கும் ஒன்பது நிமிடம்.
இவருக்கு ஒரு மணி ஐம்பத்திரண்டு.
தூங்கிவிட்டார் என்பது விதி. எறிய வேண்டும்.
ஆனால் கணினி எல்லாவற்றையும் எழுதி வைக்கிறது:
ஆறாவது கேள்வி,
உங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை பேர்.
மூன்று என்று அழுத்தியிருக்கிறார்.
இருபத்தாறு நிமிடம் ஒன்றுமில்லை.
பின்னால் திரும்பி வந்து
இரண்டு.

பத்தொன்பதாவது கேள்வி,
இந்த மணம் உங்களுக்கு எதை நினைவூட்டுகிறது.
முக்கால்வாசிப் பேர் பூ என்கிறார்கள்.
எந்தப் பூ என்று யாரும் சொல்வதில்லை.
இவர் எழுதியிருந்தார்:

*மூக்கு வேல செய்யாது மூணு வருசமா.*
*மக மோந்து பாத்து சொன்னா*
*மழைக்கு முந்தி கார் பார்க் வாசம்னு.*
*அது நல்லதா கெட்டதானு அவளுக்கே தெரியல.*
*நாலு போட்டுக்குங்க.*

பதிலை எண்ணாக்க வேண்டும்.
ஒன்று, புத்துணர்ச்சி. இரண்டு, மலர்.
தொண்ணூற்றேழு, மற்றவை.
தொண்ணூற்றெட்டு, தெரியாது.
ஹுய் மின் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள்.
வாசித்துக் காட்டினேன்.
கோப்பி-ஓ பையின் உறிஞ்சுகுழாய் உதட்டிலேயே நிற்க
"கார் பார்க்?" என்றாள்.
"கார் பார்க்."
"தொண்ணூற்றேழு போடு."
பிறகு திரையில் நேரத்தைத் தொட்டாள்.
நெட் மெதுவாக இருந்திருக்கும் என்றேன்.
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.
போய்விட்டாள்.

பதினொன்று பதினொன்றாகவே இருந்தது.

புதன்கிழமை அறிக்கை. நாற்பது பக்கம்.
இருபத்தேழாம் பக்கத்தின் அடியில்,
கண்ணாடி போட்டாலும் தேடவேண்டிய சாம்பல் எழுத்தில்:
தமிழ்ப் பதிப்பு, பதினொருவர்.
அடிப்படை சிறியது. கவனத்துடன் வாசிக்கவும்.

வாடிக்கையாளர் கவனத்துடன் வாசித்தார்.
அடுத்த சுற்றில் தமிழ் வேண்டாம்,
ஆயிரத்து எண்ணூறு ரிங்கிட் மிச்சம் என்றார்.
திரையின் மூலையில் என் முகம்,
ஒலிவாங்கி அணைந்திருந்தது.
"ம்" என்றேன்.
எவ்வளவு நீளம் என்று எங்கும் பதிவாகவில்லை.

ஆறரைக்கு லிஃப்ட் இறங்கியது, தரைக்குக் கீழே இரண்டாம் தளம்.
வெளியே வானம் இருட்டியிருக்க வேண்டும்,
சரிவுப் பாதை வழியாக ஈரக்காற்று வந்தது.
மழை வரவில்லை இன்னும்.
கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு
நன்றாக இழுத்து மோந்தேன்.
சிமென்ட். டயர்.
காவலாளி மேசையில் யாரோ வைத்த ஊதுபத்தி.
இன்னொன்று, பெயர் பிடிபடாதது.

பின்னால் ஒருவர் ஹார்ன் அடித்தார்.
நாலு போடலாம்.