தங்கப் பல்

சிக்லாப் மண்ணை அறுபத்திரண்டில்
நாள்கூலிக்குத் தோண்டினோம்.
முதலில் சட்டைப் பொத்தான்கள் வந்தன,
பிறகு ஒரு மூக்குக்கண்ணாடிச் சட்டம்,
பிறகுதான் ஆட்கள்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் தினமும் ஒருத்தி.
கறுப்புக் குடை. பாசார் மலாயில் ஒரே கேள்வி:
மேல்வரிசையில் தங்கப் பல், இடப்பக்கம்,
பார்த்தாயா?
இல்லையென்று தலையாட்டுவதும்
கூலியில் சேர்ந்துபோயிற்று.

ஒரு வியாழக்கிழமை பார்த்தேன்.
மதியத்துக்குள் மூன்று பேருக்கு.
மூன்றும் இடப்பக்கம்.

சல்லடையை நீட்டினேன்.
கை நடுங்கியது எனக்கு, அவளுக்கில்லை.
நெடுநேரம் பார்த்தாள்.
"மூன்று பேருமே சாப்பிடாமல் போனவர்கள்" என்றாள்.
குடையை அவர்கள்மேல் பிடித்தாள்.

அறுநூற்றுச் சொச்சம் தாழிகள்.
அவற்றின் மேல்தான் பீச் ரோட்டில்
நான்கு தூண்கள் எழுந்தன.
ஊர் அதைச் சாப்ஸ்டிக் என்கிறது.
சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர்,
ஆளுக்கொன்றாம்.
எது எங்களுடையது என்று அண்ணாந்து பார்த்துக்
கழுத்துதான் வலித்தது.

என் தம்பி அம்பலவாணன்
எந்தத் தாழியிலும் இல்லை.
சயாம் தண்டவாளத்துக்கு ரயிலேற்றினார்கள்.
அவனுக்குத் தோண்ட
எனக்கு இடம் தெரியாது.

பிப்ரவரி பதினைந்துதோறும்
கோ அக்கா ஊதுபத்தி ஏற்றுவாள். மூன்று.
அறுபத்தெட்டில் ஒருமுறைதான் சொன்னேன்,
தம்பியைப் பற்றி, மழைக்கு ஒதுங்கியபோது.
மறுவருடம் நான்கு கொண்டுவந்தாள்.
நான்காவதை என் கையில் திணித்துக் கேட்டாள்:
"தம்பிக்குப் பல் எப்படி இருக்கும்?"

முன்பல். கொஞ்சம் எத்து.
இருபத்தாறு வருடத்தில்
யாரும் கேட்டதில்லை.