கந்தகத் திரி

அமோனியா கசிந்தால்
முதல் நாள் கண் எரியும்.
பத்தாம் நாள் ஒன்றுமிருக்காது.
சரியாகிவிட்டது என்று நினைப்போம்.
மூக்குதான் செத்திருக்கும்.

மண்டபத்தில், தெற்குக் கரையில் என் ஐஸ் கம்பெனி.
நாளைக்கு நானூறு பார்.
கணக்கெழுதப் புதிதாய் வந்த ரிஸ்வானா
வாசலிலேயே இருமினாள்.
எங்களில் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை.

ஃபிட்டர் லாசர் கந்தகத் திரியைக் கொளுத்தி
குழாய் இணைப்புகளில் ஒவ்வொன்றாய்க் காட்டிப் போனார்.
ஒன்றுமில்லை,
ஒன்றுமில்லை,
மூன்றாம் வால்வில்
பஞ்சுபோல் வெள்ளையாய்த் திரண்டது புகை.
"இங்கதான் மொதலாளி. ரொம்ப நாளா இருக்கு."

அன்று சாயங்காலம் பேரேட்டைத் திறந்து
இருமல் நிற்காமலே கேட்டாள்:
"தை மாசம் வித்தது பதினோரு லட்சம்.
கைக்கு வந்தது?"

படகுக்காரர் அட்வான்ஸில் கரண்டு பில் கட்டியிருந்தேன்.
அந்த அட்வான்ஸுக்கு ஐஸ் கொடுக்க
வாலிநோக்கம் உப்பு வாங்கினேன், தண்டல் காசில்,
ஒன்பதை வாங்கிப் பத்தாய், நூறே நாளில்.
சம்பளம் சனிக்கிழமை பாதி, மீதிக்கு "புதன் பாப்போம்."
ஜி.எஸ்.டி. கடிதம் பிரிக்காமல் முருகன் படத்துக்குப் பின்னால்.
பேங்க் மேனேஜரின் நம்பரை
போனில் 'கேன் வெல்டிங்' என்று பதிந்திருந்தேன்,
வீட்டில் யாரும் எடுத்துப் பார்த்தால்.

ஒவ்வொன்றும் ஒருநாள் கண் எரிந்ததுதான்.

பாக்கிப் பட்டியலில் ஏழு விசைப்படகு.
ஏழும் பழக்கமானவர்கள்,
மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள்.
"கேட்டா அடுத்த கம்பெனிக்குப் போயிருவாங்கம்மா."
"காசு தராதவங்க போனா
ஐஸ் மிஞ்சும், சார்."

புது வண்டியை விற்றேன். கம்ப்ரசர் இரண்டில் ஒன்றை நிறுத்தினேன்.
தண்டலை முதலில் அடைத்தேன்.
ஏழு பேரில் நாலு பேர் கொடுத்தார்கள்,
ஒருவர் இன்னும் பேசுவதில்லை.
பேங்குக்கு நானாகப் போனேன்.
தவணையை நீட்டி எழுதிக்கொண்டே மேனேஜர் சொன்னார்:
"மூணு மாசம் கழிச்சுன்னா
நான் வந்திருப்பேன், பூட்டோட."

வால்வு விலை இரண்டாயிரத்து முந்நூறு. அவ்வளவுதான்.

தடைக்காலத்துக்கு இன்னும் இருபது நாள்.
அறுபத்தொரு நாள் ஐஸ் கேட்க ஆளிருக்காது.
தாங்குவேனா, தெரியாது.
இப்போதெல்லாம் தினம் ஒருதரம்
ரோட்டைத் தாண்டிப் போய்க் காற்றில் நிற்கிறேன்,
மூக்கு கழுவிக்கொள்வதுபோல.
திரும்பி உள்ளே வந்து முகர்ந்து பார்க்கிறேன்.

இன்றைக்குக் கொஞ்சம் அடிக்கிறது.
குழாயா, பேரேடா,
பார்க்கணும்.